டில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம்?

உங்கள் கணக்குப் புத்தகத்தில் இப்படியொரு கணக்கைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரம் இத்தனை கிலோமீட்டர். விமானத்தின் வேகம் மணிக்கு இத்தனை கிலோமீட்டர். பயண நேரம் எவ்வளவு? தூரத்தை வேகத்தால் வகுக்க வேண்டியதுதான். அரை நிமிட வேலை. விடையைக் கட்டம் கட்டி எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவீர்கள்.

2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பள்ளிகளுக்கு இடையே நடந்த ஓர் அறிவியல் போட்டிக்கு வினாத்தாள் தயாரிக்கும் வேலை எனக்கு வந்தது. நானும் இதே போன்ற கணக்கு ஒன்றைப் போட்டேன். ‘டில்லிக்கும் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே உள்ள தூரம் 12,400 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானம் எவ்வளவு நேரத்தில் சென்றடையும்? (3 மதிப்பெண்)’ விடை 13 மணி 47 நிமிடம். பெரும்பாலான பிள்ளைகள் சரியாகவே எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு விடைத்தாளில் மட்டும் அந்த விடை எழுதப்பட்டு, பிறகு அடிக்கப்பட்டிருந்தது. கீழே இரண்டு வரி: ‘காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று கேள்வியில் சொல்லவில்லை. விமானம் எந்த வழியாகப் போகிறது என்றும் சொல்லவில்லை. அதனால் நேரம் சொல்ல முடியாது.’

அடித்த விடைக்கு மதிப்பெண் கிடையாது என்பது எங்கள் விதி. சுழியம் போட்டேன். அந்தப் பிள்ளை இரண்டு மதிப்பெண் குறைவால் அடுத்த சுற்றுக்குப் போகாமல் நின்றுவிட்டது என்பது பட்டியல் தயாரான பிறகு தெரிந்தது. விடைத்தாளில் எண் மட்டுமே இருந்ததால் அது மாணவனா மாணவியா என்பதுகூட எனக்குத் தெரியாது. ஒன்பதாம் வகுப்பு என்பது மட்டும் தெரியும்.

ஐந்தாறு மாதம் கழித்து, ஜூன் மாதத்தில், செய்தித்தாளைப் பிரித்தவுடன் எனக்கு அந்த விடைத்தாள் நினைவுக்கு வந்தது. டில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம், ஓர் இயந்திரத்தில் ஏற்பட்ட கோளாறு காரணமாக, ரஷ்யாவின் தூரக் கிழக்கில் உள்ள மகதான் என்ற ஊரில் இறங்கிவிட்டது. உள்ளே 216 பயணிகள், 16 பணியாளர்கள். அனைவரும் நலம், மாற்று விமானம் போய் அவர்களை அழைத்துச் சென்றது. ஆனால் எங்கள் ஆசிரியர் அறையில் அன்று எழுந்த கேள்வி வேறு. ‘அமெரிக்கா போகிற விமானத்துக்கு ரஷ்யாவின் அந்த மூலையில் என்ன வேலை?’ என்று ஒரு நண்பர் கேட்டார். சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தைப் பார்த்தால் அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. அந்தப் படத்தில் டில்லி நடுவில் வலப்பக்கமாக இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ இடது ஓரத்தில் இருக்கிறது. இரண்டையும் ஓர் அளவுகோலால் இணைத்தால் கோடு அரபு நாடுகள், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் பெருங்கடல் என்று போகிறது. மகதான் எதிர்த் திசையில் வலது ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கிறது.

இப்போது உங்கள் பள்ளியில் உள்ள உலக உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். (அது தலைமையாசிரியர் அறை அலமாரிக்குள் பூட்டப்பட்டிருக்கும். கேட்டு வாங்குங்கள். கிடைக்கும் வரை கேளுங்கள்.) ஒரு நூலின் முனையை டில்லியின் மேல் வையுங்கள், மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டு போய் இறுக்கி இழுங்கள். நூல் தானாகவே நகர்ந்து மிகக் குறுகிய வழியில் போய் நிற்கும். அது மேற்கே போகாது, வடக்கே போகும். இமயமலை, மேற்குச் சீனா, சைபீரியா என்று ஏறி, ஆர்க்டிக் கடலைத் தொட்டு, அலாஸ்காவின் மேல் இறங்கி, கனடாவின் மேற்குக் கரையோரமாக வந்து சேரும். வழியில் அது எட்டும் மிக உயர்ந்த அட்சரேகை ஏறக்குறைய 75½ பாகை!

உருண்டையின் விட்டம் 30 செ.மீ. என்றால் சுற்றளவு சுமார் 94 செ.மீ. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. நூலின் நீளத்தை அளந்தால் ஏறத்தாழ 29 செ.மீ. வரும். விகிதம் போட்டுப் பாருங்கள், 12,400 கி.மீ.க்குப் பக்கத்தில் வரும். இப்படி இறுக்கிய நூல் காட்டும் பாதைக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். அதாவது, பூமியின் மையத்தின் வழியாக ஒரு கத்தியால் வெட்டினால் மேற்பரப்பில் விழும் வட்டத்தின் ஒரு பகுதி. நான் கேள்வியில் கொடுத்த 12,400 இந்தத் தூரம்தான்.

சுவர்ப் படத்தில் அளவுகோல் வைத்து மேற்கே போட்ட கோடு என்ன ஆகும் தெரியுமா? அந்தப் படம் மெர்கேட்டர் என்பவர் 1569இல் வெளியிட்ட முறைப்படி வரையப்பட்டதாக இருந்தால், நேர்கோடாகத் தெரியும் அந்த வழியின் உண்மையான நீளம் சுமார் 18,500 கி.மீ.! அதே படத்தை அட்லாண்டிக்கில் வெட்டி, பசிபிக் நடுவில் வருமாறு ஒட்டி, கிழக்கே நேர்கோடு போட்டால் சுமார் 15,000 கி.மீ. ஒரே இரண்டு ஊர்கள், மூன்று தூரங்கள். படத்தின் மேல் குற்றமில்லை. கடலோடிகள் திசைமானியைப் பார்த்துக் கப்பல் ஓட்டுவதற்காக உண்டான படம் அது; அந்த வேலையைச் செவ்வனே செய்தது. தூரம் அளக்க நாம்தான் அதைப் பயன்படுத்துகிறோம்.

ஆகவே, மகதான் ‘வழியில்லாத ஊர்’ அல்ல. ஆனாலும் ஒன்றைக் கவனித்தீர்களா? நூல் போகும் இடத்திலிருந்து மகதான் தெற்கே சுமார் 1,700 கி.மீ. தள்ளி இருக்கிறது. மிகக் குறுகிய வழி இருக்கும்போது விமானம் ஏன் அதை விட்டு விலகிப் போக வேண்டும்? இங்கேதான் அந்தப் பெயர் தெரியாத பிள்ளையின் கேள்வி வருகிறது.

முதலில் காற்றல்லாத காரணங்களைச் சொல்லிவிடுகிறேன். நூல் இமயத்தையும் திபெத்திய மேட்டுநிலத்தின் மேற்குப் பகுதியையும் தாண்டுகிறது. பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் விமானி உடனே சுமார் 3 கி.மீ. உயரத்துக்கு இறங்கியாக வேண்டும். அங்கேதான் பயணிகள் இயல்பாக மூச்சுவிட முடியும். திபெத்தில் தரையே சராசரியாக 4½ கி.மீ. உயரத்தில் இருக்கிறது! இறங்க இடம் ஏது? அடுத்து, இரண்டு இயந்திரங்கள் மட்டுமே கொண்ட விமானம், ஒன்று நின்றுபோனால் மற்றொன்றைக் கொண்டு குறிப்பிட்ட நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய ஒரு விமான நிலையத்தை எப்போதும் கைவசம் வைத்துக்கொண்டே பறக்க வேண்டும் என்பது விதி. மகதான் அன்று உதவியது அப்படித்தான்.

மூன்றாவது, நாடுகளின் வான்வெளி. 2022இல் உக்ரைன் போரை அடுத்து ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய நாட்டு விமானங்களுக்கு மூடியது. பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ போக அதுவரை ஏறக்குறைய 9½ மணி நேரம் ஆயிற்று; அதன் பிறகு 13 மணி நேரம். ஹெல்சிங்கி நகரவில்லை, டோக்கியோவும் நகரவில்லை. நம் நாட்டு விமானங்களும் இந்தத் தொல்லையை அறிந்தவைதாம். பாகிஸ்தானின் வான்வெளி 2019 பிப்ரவரி இறுதியிலிருந்து ஜூலை வரை மூடிக் கிடந்தது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மறுபடியும் மூடப்பட்டது.

இனி காற்றுக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். ஆகையால் சற்று நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏர் இந்தியா டில்லி–சான் பிரான்சிஸ்கோ நேரடி விமானத்தை 2015 டிசம்பரில் தொடங்கியபோது அது மேற்கே, அட்லாண்டிக் வழியாகப் போயிற்று. தூரம் சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் ஒரு மாற்றம் செய்தார்கள். அதே விமானத்தைக் கிழக்கே, பசிபிக் பெருங்கடல் வழியாக அனுப்பினார்கள். இந்த வழியில் தூரம் சுமார் 15,300 கி.மீ. அதாவது, 1,400 கி.மீ. அதிகம். கன்னியாகுமரியிலிருந்து மும்பைக்கு ஆகாய வழியில் போகும் தூரத்தைக் காட்டிலும் கூடுதல்! வகுத்துப் பார்க்கும் வழக்கப்படி, விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் அல்லவா? நடந்தது நேர்மாறு. பயணம் 14½ மணி நேரத்தில் முடிந்தது. பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவு.

சராசரி வேகத்தைக் கணக்கிடுங்கள். கிழக்கு வழியில் 15,300 ÷ 14½ = மணிக்குச் சுமார் 1,055 கி.மீ. மேற்கு வழியில், 16½ மணி என்று கொண்டால், 13,900 ÷ 16½ = மணிக்குச் சுமார் 842 கி.மீ. விமானம் ஒன்றே. அதன் இயந்திரங்களும் அவையே. மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேலான இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

காவிரியில் பரிசல் போவதை எண்ணிக்கொள்ளுங்கள். துடுப்புப் போடுகிறவர் தண்ணீரைத்தான் தள்ளுகிறார், கரையை அல்ல. தண்ணீரைப் பொறுத்து அவர் வேகம் ஒன்றுதான். ஆனால் கரையில் நிற்கும் நமக்கு, நீரோட்டத்தோடு வரும் பரிசல் விரைவாகவும் எதிர்த்து வரும் பரிசல் மெதுவாகவும் தெரிகிறது. விமானமும் அப்படியே. புத்தகம் சொல்லும் மணிக்கு 900 கி.மீ. என்பது காற்றைப் பொறுத்த வேகம். தரையைப் பொறுத்தது அல்ல. விமானம் மிதப்பது காற்று என்னும் ஆற்றில். அந்த ஆறு நின்ற நீர் அல்ல.

பூமியின் நடு அட்சரேகைகளில், தரையிலிருந்து 10, 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று குறுகிய பட்டையாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெட் காற்றோட்டம் என்பது அதன் பெயர். அதன் வேகம் மணிக்கு 100, 200 கி.மீ. இருப்பது சாதாரணம், குளிர்காலத்தில் சில நாட்களில் 300ஐத் தாண்டும். அது நேராகவும் ஓடுவதில்லை; பாம்பைப் போல வளைந்து நெளிந்து, நாளுக்கு நாள் இடம் மாறும். பசிபிக்கின் மேல் அது வலுவானது. 2016இல் ஏர் இந்தியா விமானம் அதன் முதுகில் ஏறிக்கொண்டது. தூரம் கூடியது, நேரம் குறைந்தது.

இந்தக் காற்றை முதலில் ஒழுங்காக அளந்தவர் வசாபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலை அறிஞர். 1920களில் தத்தேனோ என்ற இடத்தில் சிறு பலூன்களைப் பறக்கவிட்டு, அவை போகும் போக்கைத் தொலைநோக்கியால் தொடர்ந்து பார்த்து அளந்தார். முடிவுகளை 1926இல் வெளியிட்டார். உலகம் முழுதும் படிக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் அவர் அந்த அறிக்கையை எஸ்பராண்டோ என்ற செயற்கை மொழியில் எழுதினார். ஐயோ பாவம், அந்த மொழி தெரிந்தவர்கள் உலகில் மிகச் சிலரே! 1944இல் ஜப்பானின் மேல் மிக உயரத்தில் பறந்து வந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் காற்றில் மாட்டிக்கொண்டு திணறியபோது, அது அவர்களுக்குப் புதிய செய்தியாக இருந்தது.

இந்த இடத்தில் என் வகுப்பில் தவறாமல் ஒரு கேள்வி வரும். ‘ஐயா, பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறதே, அப்படியானால் மேற்கே போகும் விமானத்தை நோக்கி ஊரே வந்துவிடாதா?’ நல்ல கேள்விதான். நிலநடுக்கோட்டில் தரை மணிக்குச் சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் காற்றும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது. புறப்படும் முன் ஓடுபாதையில் நின்றிருந்த விமானமும் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஓடும் ரயிலில் நீங்கள் குதித்தால் பின்னால் இருக்கும் பெட்டியில் போய் விழுவதில்லையே! ஆகவே பூமியின் சுழற்சி நேரடியாக எந்த உதவியும் செய்வதில்லை. ஆனால் கொல்லைப்புற வழியாக அது வரத்தான் செய்கிறது. வெப்பமான பகுதியிலிருந்து துருவத்தை நோக்கி நகரும் காற்றை, பூமியின் சுழற்சி கிழக்கே திருப்பிவிடுகிறது. ஜெட் காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுவதற்கு அதுவே காரணம். ஆக, பூமி சுற்றுவதால் லாபம் அடைவது மேற்கே போகிற விமானம் அல்ல. கிழக்கே போகிற விமானம். மாணவர் நினைத்ததற்கு நேர் எதிர்!

2020 பிப்ரவரியில் அட்லாண்டிக்கில் ஒரு பெரும் புயல் வீசியபோது, நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. தரையைப் பொறுத்து அதன் வேகம் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கி.மீ.க்கு மேல். அந்த உயரத்தில் ஒலியின் வேகமோ சுமார் 1,060 கி.மீ.தான். அப்படியானால் விமானம் ஒலியை முந்திவிட்டதா? ‘டமார்’ என்ற அதிர்வொலி கேட்டதா? இல்லை. அதைச் சுற்றியிருந்த காற்றைப் பொறுத்து அது ஒலியைவிட மெதுவாகவே பறந்தது. காற்று அதைத் தூக்கிக்கொண்டு ஓடியது, அவ்வளவுதான்.

‘போகும்போது கிடைத்த லாபம் வரும்போது நட்டமாகிவிடும், இரண்டும் சரியாகப் போய்விடாதா?’ என்று நீங்கள் கேட்கலாம். போகாது. 7,200 கி.மீ. தூரம், விமானத்தின் வேகம் 900 என்று கொள்வோம். காற்றில்லாத நாளில் போக 8 மணி, வர 8 மணி. ஆக 16 மணி. இப்போது மணிக்கு 300 கி.மீ. காற்று வீசட்டும். காற்றோடு போனால் 7,200 ÷ 1,200 = 6 மணி. எதிர்த்து வந்தால் 7,200 ÷ 600 = 12 மணி. ஆக 18 மணி! லாபம் இரண்டு மணி. நட்டம் நான்கு மணி. எதிர்காற்றில் வேகம் மட்டும் குறைவதில்லை. அந்தக் குறைந்த வேகத்தில் அதிக நேரம் இருக்கவும் வேண்டியிருக்கிறது. வேகங்களின் சராசரியை எடுத்து வகுத்தால் ஏன் தவறாகிறது என்பதை இதைவிட எளிதாக எந்தக் கணக்கும் காட்டாது.

டில்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்துக்கு இங்கே ஒரு வசதி உண்டு. இரண்டு ஊர்களும் தீர்க்கரேகையில் ஏறக்குறைய எதிரெதிராக இருப்பதால், போகும்போது பசிபிக் வழியாகக் கிழக்கே போய், வரும்போது அட்லாண்டிக் வழியாக மறுபடியும் கிழக்கே வரலாம். இரண்டு தடவையும் காற்று துணை. பயணி உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவிடுகிறார். இவை போதாவென்று, 2019 ஆகஸ்ட் 15 அன்று அதே விமானம் வடதுருவப் பகுதியின் மேலாகவும் அனுப்பப்பட்டது. நான் சொன்ன நூலுக்கு மிக அருகில் போவது இந்த வழிதான். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மேற்கு, கிழக்கு, வடக்கு என மூன்று வழிகள்!

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பயணச்சீட்டில் அச்சிட்டிருக்கும் நேரங்களைக் கழித்தால் பயண நேரம் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ கடிகாரம் நம் கடிகாரத்தைவிட 12½ மணி நேரம் பின்தங்கியது. 14½ மணி நேரம் பறந்த விமானம், கடிகாரத்தின்படி இரண்டே மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும்! பசிபிக் வழியாகப் போனால் சர்வதேசத் தேதிக் கோட்டைக் கடக்க வேண்டும். அட்லாண்டிக் வழியாகப் போனால் கடக்க வேண்டியதில்லை. இருந்தாலும் இரண்டு விமானங்களும் இறங்கும்போது அந்த ஊரில் ஒரே தேதிதான். எப்படி என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். போதாக்குறைக்கு, அட்டவணை நேரம் என்பது விமானம் நிற்குமிடத்திலிருந்து நகரத் தொடங்கி, மறுபடி வந்து நிற்கும் வரையிலான நேரம். சென்னைக்கும் மதுரைக்கும் ஆகாயத்தில் சுமார் 420 கி.மீ. 900ஆல் வகுத்தால் 28 நிமிடம். அட்டவணையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருப்பார்கள்.

இவ்வளவும் சொன்னது எதற்காக என்றால், என் கருத்து இதுதான். வகுத்தல் கணக்கைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது இல்லாமல் மேலே சொன்ன எதையும் நான் சொல்லியிருக்க முடியாது. ஆனால் இயற்பியல் கணக்குகளில் ‘உராய்வு இல்லை எனக் கொள்க’ என்று ஒரு வரி போடுகிறோம். ‘காற்றின் தடையைப் புறக்கணி’ என்று போடுகிறோம். ஓடத்தையும் நீரோட்டத்தையும் பற்றித் தனியாகவே கணக்குகள் கொடுத்து, பிள்ளைகளை எதிர்நீச்சல் போட வைக்கிறோம். விமானக் கணக்கில் மட்டும் அந்த ஒரு வரியை ஏன் விட்டுவிடுகிறோம்? ‘பெருவட்டப் பாதையில், காற்றே இல்லாத நாளில்’ என்று நான் நான்கைந்து சொற்கள் சேர்த்திருந்தால் அந்தப் பிள்ளை விடையை அடித்திருக்காது. விட்ட தவறு என்னுடையது. மதிப்பெண் போனது அதனுடையது.

இதை நண்பர்களிடம் சொன்னபோது ஒருவர் மறுத்தார். ‘நாற்பது பேர் நாற்பது விதமாக எழுதினால் திருத்துவது எப்படி? பிள்ளைகள் குழம்பிப் போவார்கள்’ என்றார். முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். லட்சக்கணக்கானோர் எழுதும் பொதுத்தேர்வில் விடை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அங்கே நிபந்தனையை அச்சிட்டுவிட்டால் போதும். வகுப்புத் தேர்வுக்கும் போட்டிக்கும் அந்தச் சாக்கு செல்லாது. குழப்பத்தைப் பற்றி அவர் சொன்னதை ஒப்புக்கொள்ள மாட்டேன். மகதானைப் பார்த்துக் குழம்பியது எங்கள் ஆசிரியர் அறை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை குழம்பவில்லை.

ஆகவே, இனிமேல் இப்படியொரு கணக்கு வந்தால் கையைத் தூக்கிக் கேளுங்கள். எந்த வழி? எந்த வேகம்? காற்றைப் பொறுத்ததா, தரையைப் பொறுத்ததா? ஆசிரியர் ‘காற்றில்லை என்று வைத்துக்கொள்’ என்று சொன்னால், அதை விடைத்தாளின் முதல் வரியில் எழுதிவிட்டு வகுத்துவிடுங்கள். விடையை மட்டும் அடித்துவிடாதீர்கள். எங்களைப் போன்றவர்களிடம் மாட்டிக்கொள்வீர்கள்!

அந்தப் போட்டியின் விடைத்தாள்கள் எப்போதோ எடைக்குப் போய்விட்டன. அந்த மூன்று மதிப்பெண்ணை இனிக் கொடுக்க வழியில்லை. சென்ற முறை மறுபடியும் வினாத்தாள் என் கைக்கு வந்தபோது கேள்வியை மாற்றிப் போட்டேன்: ‘டில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ செல்லும் விமானத்தின் பயண நேரத்தைச் சொல்ல உங்களுக்கு என்னென்ன விவரங்கள் தேவை?’ என் விடைக்குறிப்பில் ஆறு விவரங்கள் எழுதி வைத்திருந்தேன். காற்று, வழி, வான்வெளி என்று பிள்ளைகள் பெரும்பாலானவற்றை எழுதிவிட்டார்கள். ஒருவர் மட்டும் ஏழாவதாக ஒன்று எழுதியிருந்தார்: ‘அன்று ஓடுபாதையில் எந்தப் பக்கம் பார்த்துப் புறப்படுகிறது?’ எதிர்காற்றைப் பார்த்து ஓடினால் விமானம் சீக்கிரம் எழும்பும். ஆகவே கிழக்கே போக வேண்டிய விமானம்கூட, மேல்காற்று வீசும் நாளில், டில்லியில் மேற்கு நோக்கி எழும்பித் திரும்பி வர வேண்டும். அது என் குறிப்பில் இல்லை. ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போட்டேன்.